டிசம்பர் 6: நெல் ஜெயராமன் நினைவு நாளில் விதைநெல் கொடுப்பது பற்றி

வெண்ணாற்றங்கரை கேட்டது:

வணக்கம். டிசம்பர் 6, பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா மறைந்த நாள். எங்கள் உழவர் குழுவில் படம் வைத்து மாலை போடுவதோடு நிற்காமல், அவர் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் செய்தது போல ஆளுக்கு 2 கிலோ விதைநெல் கொடுத்து, மறு வருஷம் 4 கிலோவாகத் திரும்ப வாங்கலாம் என்று இருக்கிறோம். மொத்தம் 30 பேர். ரகம் மாப்பிள்ளைச் சம்பா. விதையை எப்படித் தயார் செய்வது, எங்கே தவறு வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விதைக்கோட்டை:

நல்ல காரியம். ஆனால் டிசம்பர் 6-இல் விதை கொடுக்காதீர்கள்.

அன்றைக்குக் கார்த்திகை 20 வாக்கில் இருக்கும். வயலில் சம்பா நிற்கிறது. அன்று வாங்கும் விதை ஆவணி நாற்றங்கால் வரை எட்டு மாதத்துக்கு மேல் மூட்டையில் கிடக்கும். அந்துப்பூச்சி விழும், எலி தின்னும், கடைசியில் குத்தி அரிசியாக்கி விடுவார்கள். ஐயா விதை கொடுக்கும் நெல் திருவிழாவைக் கோடையில், விதைப்புப் பட்டத்துக்கு முன்னால் நடத்தியது காரணத்தோடுதான். வாங்கிய விதை நேராக வயலுக்குப் போக வேண்டும்.

அந்த 2 கிலோவும் கணக்குப் பார்த்த அளவுதான். மாப்பிள்ளைச் சம்பாவில் ஆயிரம் நெல் ஏறத்தாழ 25 கிராம் என்று வைத்தால், 2 கிலோவில் 80,000 நெல். 25-க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஒற்றை நாற்று நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 65,000 குத்து (நாற்று ஊன்றும் இடம்). முளைப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரு ஏக்கர் நட்டுவிடலாம். நாற்றங்கால் ஒரு சென்ட் போதும், 15 நாள் நாற்று. பழைய முறையில் கொத்தாக நட்டால் இந்த விதை ஒரு மூலைக்குக்கூடக் காணாது. விதையோடு இதையும் சொல்லிக் கொடுங்கள்.

டிசம்பர் 6-இல் என்ன செய்யலாம்? எல்லோரும் வயலில் இறங்கிக் கலவன் (கலந்து நிற்கும் வேறு ரகப் பயிர்) எடுங்கள். ஆவணியில் நாற்று விட்ட சம்பா அப்போது பொதியிலோ (கதிர் இலையுறைக்குள் இருக்கும் நிலை) கதிர் தள்ளும் நிலையிலோ இருக்கும். உயரம், தூர் நிறம், முந்திப் பூத்தது என்று வேற்றுப் பயிர் கண்ணில் படும் நேரம் அது. 2003-இல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு நடைப்பயணம் போய்த் தொடங்கி 174 ரகம் வரை சேர்த்தவருக்கு, ரகத்தைச் சுத்தமாக வைப்பதைவிடப் பொருத்தமான மரியாதை தெரியவில்லை. விதை வைகாசியில் கொடுங்கள்.

களத்துமேடு:

மேலே சொன்னது சரி. விதை தயாரிப்புக்கு வருகிறேன்.

30 பேருக்கு 60 கிலோ. 75 கிலோ எடுத்து வையுங்கள், தூற்றிப் புடைத்தால் குறையும்.

நெல்லைக் காய வைப்பதுதான் முக்கியம். தை அறுவடை நெல்லைக் காலை 8 முதல் 12 வரை, பிறகு 3 முதல் 5 வரை காயப் போடுங்கள். உச்சி வெயிலில் சிமெண்ட் களத்தில் போட்டால் முளைக்கரு வெந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஈரம் 13 சதவீதத்துக்குள் வர வேண்டும். கருவி இல்லையென்றால் கடித்துப் பாருங்கள், டக்கென்று முறிய வேண்டும். நசுங்கினால் காயவில்லை. ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள். கிலோவுக்கு 10 கிராம் வசம்புத் தூள் கலந்து, பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

முளைப்புச் சோதனையை அறுத்த கையோடு செய்ய வேண்டாம். பாரம்பரிய ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம் உண்டு. நல்ல விதையும் அப்போது பாதிகூட முளைக்காது, கெட்டுவிட்டது என்று தள்ளிவிடுவீர்கள். சித்திரையில் 100 நெல்லை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எட்டாம் நாள் எண்ணுங்கள். 80-க்குக் கீழ் என்றால் கொடுக்காதீர்கள்.

முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதையைப் போட்டு, மிதக்கும் பொக்கு (உள்ளீடில்லாத நெல்) நீக்குவதை வாங்குபவர் விதைக்கும் முதல் நாள் செய்யட்டும். 10 லிட்டருக்கு ஒன்றரை கிலோ உப்பு பிடிக்கும். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். நீங்கள் முன்கூட்டியே செய்தால் மறுபடி காய வைக்கும் வேலை.

வெண்ணாற்றங்கரை:

மிக்க நன்றி ஐயா. தேதியை மாற்றிக்கொள்கிறோம். திரும்பி வரும் 4 கிலோவில் வேறு நெல் கலந்து வந்தால்?

விதைக்கோட்டை:

கண்டிப்பாக வரும். நெல் தன் மகரந்தத்திலேயே சூல் பிடிப்பது, அயல் மகரந்தம் சேர்வது மிகக் குறைவு. கலப்பு பெரும்பாலும் கையால் நடக்கிறது: போன போகத்தில் சிந்திய நெல் தானாக முளைப்பது, அறுவடை எந்திரத்துக்குள் முந்தின வயலின் நெல் தங்குவது, உதறாத பழைய சாக்கு.

ஆகவே மொத்த விளைச்சலில் 4 கிலோ அள்ளித் தரச் சொல்லாதீர்கள். வயல் நடுவில், அடுத்த ரகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளி, அரை சென்ட் குறித்துக் குச்சி நடச் சொல்லுங்கள். சுமாரான விளைச்சலிலும் 5 கிலோ கிடைக்கும். எந்திரம் இறங்கும் முன் கை அரிவாளால் அறுத்து, தார்ப்பாயில் தனியே அடிக்க வேண்டும். இந்த இடத்துக்கு யூரியா கூடவே கூடாது. ஆளுயரப் பயிர், தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும், மார்கழி மழைத் தண்ணீரில் கதிர் கிடந்தால் விதைக்கு ஆகாது.

இரட்டிப்பாக வாங்குவதை வட்டி என்று யாரும் நினைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் வெள்ளம் கொண்டுபோனால் இன்னொரு ஊரில் அதே விதை இருக்க வேண்டும், அதற்குத்தான்.

சேற்றுக்கால்:

ஒன்று விட்டுப்போனது. ஒரே பெயரில் வேறு வேறு நெல் ஊர்தோறும் சுற்றுகிறது. பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு: ரகம், எந்த ஊர் விதை, அறுத்த மாதம், வயது, அரிசி நிறம், முளைப்பு சதவீதம். மாப்பிள்ளைச் சம்பா என்றால் 155, 160 நாள், சிவப்பரிசி. திரும்ப வரும் விதையில் ஒரு பிடி எடுத்துக் கையால் உமி நீக்கிப் பாருங்கள். வெள்ளை அரிசி தென்பட்டால் அந்தப் பையை விதைக்கு எடுக்க வேண்டாம், அவருக்கே சாப்பாட்டுக்குத் திருப்பிக் கொடுத்து வேறு 2 கிலோ புதிதாகக் கொடுங்கள். அதற்காகவே 10 கிலோ தனியாக இருக்கட்டும்.