மாசி வெயிலில் முற்றத்துத் தண்ணீர் விளையாட்டு: ஒன்றரை வயதுக்கு எப்படி?

முகப்புவீடு:
காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. நடுவில் திறந்த முற்றம், தரை கருங்கல். சுற்றுத் தாழ்வாரம் ஆத்தங்குடிக் கல், அதாவது பூ வேலை போட்ட சிமெண்ட் தரை ஓடு. பையன் நன்றாக நடக்கிறான், தண்ணீரைக் கண்டால் விடுவதில்லை. இப்போது காலை வெயில் இதமாக இருக்கிறது. விளையாட விடலாமா? சளி பிடிக்கும் என்கிறார் அப்பத்தா.

கானாடுகாத்தான்காரி:
தாராளமாக விடுங்கள். சளி கிருமியால் வருவது. அப்பத்தா சொல்வதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஈரச் சட்டையோடு நிழலில் உட்காரவைக்காதீர்கள், உடனே துடைத்து மாற்றுங்கள்.

எட்டிலிருந்து ஒன்பதரை நல்ல நேரம். அதற்கு முன் கல் சில்லென்று இருக்கும். நடுப்பகலில் பாதம் சுடும். புறங்கையைத் தரையில் ஐந்து வினாடி வைக்க முடியவில்லை என்றால் பிள்ளையை இறக்கக் கூடாது.

அகலமான பிளாஸ்டிக் பேசினில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் போதும். அரைமணி வெயிலில் வைத்துவிட்டு, கைவைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். ஒரு டம்ளர், ஒரு டீ வடிகட்டி தாருங்கள். வடிகட்டியில் மொண்டால் ஏன் நிற்கவில்லை என்று திரும்பத் திரும்ப மொள்வான். கடைப் பொம்மை எதுவும் வேண்டாம். வாளி, அண்டா மட்டும் கூடவே கூடாது. இந்த வயதில் தலைதான் கனம், குப்புற விழுந்தால் தானாக எழ வராது. கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்தே இருக்கணும். போன் வந்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். முடிந்ததும் பேசினைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஓட்டுவீடு:
தண்ணீரைவிட எனக்குப் பயம் அந்தத் தாழ்வாரம்தான். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்ப்பதால் முகம் வழவழப்பு. எண்ணெய் தொட்டுத் துடைக்கிற வீடென்றால் கேட்கவே வேண்டாம், ஈரக்காலோடு ஏறியதும் வழுக்கும். ஏறுகிற இடத்தில் ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடி போடுங்கள். சாக்கு போட்டால் அதுவே நகர்ந்துவிடும். சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் பிடிமானம். முற்றத்துப் படியில் குப்புறப் படுத்துக் காலை முதலில் விட்டு இறங்கப் பழக்குங்கள். வழுக்குகிறதே என்று ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், சிமெண்ட் கல், பூ வேலையே போய்விடும்.

முகப்புவீடு:
நன்றி. தண்ணீர் போகும் தூம்பு திறந்திருக்கிறது. பல்லாங்குழிச் சோழியும் கேட்கிறான்.

கானாடுகாத்தான்காரி:
தூம்புக்குக் கம்பிவலை வைத்துக் கனமான கல்லால் அழுத்துங்கள். கையை விடுவான், பூச்சியும் வரும். சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி விதை மூன்றும் மூச்சுக்குழாயை அடைக்கிற அளவு. மூன்று வயது தாண்டட்டும். இப்போதைக்குப் பலகையை மட்டும் கொடுங்கள், குழிக்குக் குழி தண்ணீர் ஊற்றட்டும். பழைய மரப்பலகை என்றால் அதுவும் வேண்டாம், வெடித்துவிடும்.