அர்பனிசம்: நகரியமா, நகரப்பாங்கா, நகர்ப்பாங்கா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு ‘அர்பனிசம்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறேன். ‘அர்பனைசேஷன்’ என்பதற்கு நகரமயமாதல் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். சிக்கல் ‘அர்பனிச’த்தில்தான். அதற்கு இரண்டு பொருள். ஒன்று, நகரைத் திட்டமிடும் கலை. அதற்கு நம்மிடம் நகரமைப்பு இருக்கிறது. மற்றது, 1938இல் அமெரிக்கச் சமூகவியலாளர் லூயிஸ் விர்த் தம் கட்டுரையில் விளக்கிய வாழ்முறை. ஆள்தொகை, நெருக்கம், பலதரப்பட்டோர் கலந்திருத்தல் மூன்றும் சேர்ந்தால் மனிதர் பழகும் விதமே மாறிவிடுகிறது என்றார் அவர். இதற்குத்தான் சொல் தேவை.

நகரியம் சரிவராது. நெய்வேலி நகரியம் என்று குடியிருப்புக்கு அது போய்விட்டது. நகரவியல் என்றால் படிப்புத்துறை ஆகிவிடும். நகர்மை என்றால் ‘நகரும் தன்மை’ என்றுதான் படிப்பார்கள். நகரப்பாங்கு எனலாமா?

*

ஆச்சி, வணக்கம். பாங்கு பொருத்தமான சொல், அதை விட வேண்டாம். முன்னால் வரும் ‘நகர’தான் நம் பக்கத்தில் இடறும்.

செட்டிநாட்டில் நகரச் சிவன் கோயில் என்றால் நகரத்தில் உள்ள கோயில் என்று யாரும் கொள்வதில்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில் என்பதே பொருள். நாலு தெரு உள்ள ஊரிலும் அது இருக்கும். காசியில் உள்ள நகரச் சத்திரமும் அப்படித்தான். இது நேற்று வந்த வழக்கும் அல்ல. சோழர் கல்வெட்டுகளில் ஊர், சபை என்பவற்றோடு நகரம் என்பதும் ஓர் அவையின் பெயர். அது வணிகர் அவை. ஆகவே காரைக்குடியில் ஒருவரிடம் ‘நகரப்பாங்கான வீடு’ என்று சொன்னால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் உள்ள செட்டிநாட்டு வீடுதான் அவர் மனத்தில் வரும். அபார்ட்மெண்ட் வராது.

‘நகர்ப்பாங்கு’ என்று வைத்துப் பாருங்கள். நகர்ப்புறம் ஏற்கெனவே பழகிய சொல், அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துகொள்ளும். நகர்மைக்கு வந்த குழப்பம் இதற்கு வராது, ஏனென்றால் நடுவில் ப் இருக்கிறது. வினைத்தொகையில் வலி மிகாது: வளர்பிறை. பெயரோடு பெயர் சேரும்போது மிகும்: நீர்ப்பாசனம். ஆக அந்த ஒற்றெழுத்தே ‘இது நகர்தல் இல்லை’ என்று சொல்லிவிடுகிறது. தட்டச்சில் ப் விழுந்து ‘நகர்பாங்கு’ ஆனால் பொருளே நழுவும். மெய்ப்புப் பார்ப்பவர் இதை விடக்கூடாது.

சங்கப் பாடல்களில் நகர் என்பது மாளிகையையும் கோயிலையும்கூடக் குறிக்கும். இன்றைய வாசகருக்கு அது தடையாகாது.

*

இருவருக்கும் வணக்கம். நாகரிகம் என்றே வைத்தால் என்ன? நகரைக் குறிக்கும் லத்தீன் ‘ஊர்ப்ஸ்’ஸிலிருந்து அர்பன் பிறந்தது, பண்பான என்ற பொருளில் ‘அர்பேன்’னும் பிறந்தது. நகரத்திலிருந்து நாகரிகம் வந்ததும் அதே தடம்தானே. ஊர்ப்ஸ் நம் ஊர்தான் என்பாரும் உண்டு.

*

தடம் ஒன்றுதான், தம்பி. அழகான ஒப்புமை. ‘நயத்தக்க நாகரிகம்’ என்ற 580ஆம் குறளில் அது கண்ணோட்டத்தை, அதாவது இரக்கத்தைக் குறிக்கிறது. அதை வேண்டுபவர், நண்பர் நஞ்சைப் பெய்யக் கண்டும் உண்டு அமைவாராம். ‘அர்பேன்’ என்பதற்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். ஆனால் விர்த் சொல்வது பண்பை அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருடம் குடியிருப்பதும் அவர் கணக்கில் சேர்த்திதான். அதை நாகரிகம் என்று எழுதினால் புகழ்ச்சியாகிவிடும். மேலும் இன்று நாகரிகம் என்றால் சிந்துவெளிதான் நினைவுக்கு வருகிறது. ஊர்ப்ஸ், ஊர் என்பது ஒலி ஒற்றுமை. அதை மட்டும் வைத்துச் சொற்பிறப்பு எழுத வேண்டாம்.

‘நகர்ப்பாங்கு’ எனக்குச் சம்மதம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், நிற்கிறது:

‘செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானின் நேர்த்தெருக்களில் நகரமைப்பு உண்டு, நகர்ப்பாங்கு இல்லை.’

இரண்டு பொருளும் ஒரே வரியில் பிரிந்துவிடுகின்றன. நகர்ப்பாங்கான, நகர்ப்பாங்காக, நகர்ப்பாங்கற்ற என்று விகுதிகளும் தடையில்லாமல் ஏறுகின்றன. ‘நகர்ப்பாங்காதல்’ மட்டும் வேண்டாம், அது நகரமயமாதலோடு மோதும்.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

நகர்ப்பாங்கு (பெ.): ஆள்தொகை, நெருக்கம், பலதரப்பட்டோர் கலப்பு ஆகியவற்றால் நகரில் உருவாகும் வாழ்முறை. ஒப்பிடுக: நகரமைப்பு, நகரமயமாதல். ‘நகரப்பாங்கு’ என எழுதற்க.