கொலுவில் எங்க தெரு ஆட்களுக்கும் ஒரு படி

மதுரை எல்லீஸ் நகரிலிருந்து:

போன நவராத்திரிக்குக் கொலுவின் கீழ்ப்படியை எங்க தெருப் பிள்ளைகளிடமே விட்டுட்டோம். கடைப் பொம்மை கூடாது, தெருவுக்கு வந்துபோற ஆட்களை மண்ணில் செஞ்சு வைக்கணும். செட்டியார் பொம்மை காலங்காலமா அரிசி பருப்போட கொலுவில் உட்கார்ந்திருக்கார். இஸ்திரிக்காரரும் குப்பை வண்டி அக்காவும் உட்கார்ந்தா என்ன?

மண்ணுக்கு விளாச்சேரி போனோம். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கம், கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பாட்டி, "கையைத் தனியாச் செஞ்சு ஒட்டுனா காயும்போது விட்டுரும்யா, ஒடம்புல இருந்தே இழு"ன்னு சொல்லிக்கொடுத்தாங்க. நிழல்லதான் காய வைக்கணுமாம், வெயில்ல வச்சா வெடிச்சுரும். சூளையெல்லாம் நமக்கு ஆகாது. காய வச்சு வண்ணம் பூசுனதோட சரி.

செய்ய உட்கார்ந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலை. தினம் பார்க்குற அக்காவோட உடுப்பு என்ன நிறம்னே ஆளுக்கொண்ணு சொல்லுதுக. போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு அனுப்பினோம். ஒளிஞ்சு நின்னு பார்க்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, நேரே போய்ப் பேரைக் கேட்டுப் பேசணும்.

இஸ்திரிக்காரருக்கு இடக்கைப் பழக்கம்னு அஞ்சாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கண்டுபிடிச்சான். இத்தனை வருஷமா துணி கொடுக்குறோம், நாங்க யாரும் கவனிச்சதில்லை. கரிப்பெட்டியைத் தூக்கிப் பார்க்கணும்னு அடம்பிடிச்சிருக்கான். "ஆறட்டும் தம்பி"ன்னு காத்திருக்க வச்சுத் தூக்கக் கொடுத்திருக்கார். கனத்துல அரண்டுபோய் வந்தான். இப்பல்லாம் சட்டையைச் சுருட்டி எறியாம உதறி மடிச்சுக் கொண்டுபோறான்.

குப்பை வண்டி அக்கா சிரிச்சுக்கிட்டே, "என்னைச் செய்யப் போறியா? கையுறை போட்டுச் செய்யி சாமி, பொம்மைக்காவது கிழியாதது கிடைக்கட்டும். அப்புறம் உங்கம்மாட்ட சொல்லு, உடைஞ்ச கண்ணாடியைத் தனியாச் சுத்திக் கொடுக்கச் சொல்லி"ன்னாங்க. அன்னைக்கே பிள்ளைகள் பழைய பேப்பர்ல பை ஒட்டி, சிவப்புல 'கண்ணாடி, கவனம்'னு எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்துட்டாங்க. இதை யாரும் சொல்லிச் செய்யலை. எனக்கு பொம்மையைவிட அந்தப் பைதான் பெரிசாத் தெரியுது.

சுண்டலுக்கு எல்லாரையும் பிள்ளைகளே போய்க் கூப்பிட்டாங்க. அக்கா பட்டுச்சேலை கட்டி மகளோட வந்து, தன் பொம்மைக்கு யானைக்கால்னு சொல்லிச் சிரிச்சாங்க. இஸ்திரிக்காரருக்குச் சாயங்காலம்தான் வேலை நேரம், வரமுடியலை. பையன் சுண்டலை வண்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்தான்.

மேலூரிலிருந்து:

நல்ல யோசனைதான். ஆனா கூப்பிட்டு உட்கார வச்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டா எல்லாம் பாழ். எங்க பக்கம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்குற விழாவில், போட்டோ சரியா வரலைன்னு ஒரே பையனைத் திரும்பத் திரும்ப நிக்க வச்சாங்க. "அவன் ஏம்மா தரையையே பாக்குறான்?"னு என் மக கேட்டா.

தல்லாகுளத்திலிருந்து:

சித்திரைத் திருவிழாவுக்கு எங்க பிள்ளைகள் நீர்மோர் பந்தல் போடுவாங்க. பானையில கோலம் வரையறதும் அவங்கதான். உப்பு ஆகாதுன்னு ஒரு பாட்டி குடிக்காமப் போகவும், மறுநாள் 'உப்பு போட்டது', 'உப்பு போடாதது'ன்னு ரெண்டு பானை வந்துருச்சு. தோப்பறைங்கிற தோல்பையில தண்ணியைத் தூக்கிக்கிட்டு அழகர் மேல தண்ணி பீய்ச்ச வர்றவங்க கூட்டத்தை விட்டு ஒதுங்கி வரமாட்டாங்கன்னு, டம்ளரோட இவங்களே ரோட்டுக்குப் போயிருவாங்க. பெரியவங்க ரெண்டு பேர் கூடவே நிக்கணும், அம்புட்டு நெரிசல்.

மறுபடி எல்லீஸ் நகர்:

மேலூர்க்காரங்க சொன்னது சரி. அதனாலதான் பொம்மையை மட்டும் படம் எடுத்தோம். விளாச்சேரி போறவங்க ஆடியிலயே மண்ணுக்குச் சொல்லி வச்சிருங்க. புரட்டாசி நெருங்கிட்டா அங்கே பேச நேரம் இருக்காது.