விவசாயிக்கு எண் கொடுப்பது டெல்லி, பெயர் திருத்துவது தாலுகா, அலைவது நாம்

வாய்க்கால்மேடு:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்ரிஸ்டாக் என்று மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறதே, ஆதார் மாதிரி ஒவ்வொரு விவசாயிக்கும் தனி அடையாள எண், அதைப் பற்றித்தான். 2025 தொடக்கத்தில் எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் முகாம் போட்டார்கள். ஆதார், சிட்டா, ஆதாரோடு இணைத்த போன், மூன்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டிப்போனேன். ஓடிபி வந்தது, சொன்னோம். அப்புறம் திரையில் நிலம் ஏறவில்லை. காரணம், கூட்டுப் பட்டாவில் அப்பா பெயர் 'ராசு', ஆதாரில் 'ராஜமாணிக்கம்'. இரண்டும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியவில்லை.

முகாமில் இருந்த பையன் விஏஓவை, அதாவது கிராம நிர்வாக அலுவலரை, பாருங்கள் என்றான். விஏஓ, பட்டாவில் பெயர் மாற்றுவது தாலுகா ஆபீஸ் வேலை என்றார். தாலுகா ஆபீஸில், இது மத்திய அரசு தளம், வேளாண்மைத் துறை பார்க்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். வேளாண்மை ஆபீஸில், நிலப் பதிவு வருவாய்த் துறையுடையது, எங்களால் கைவைக்க முடியாது என்றார்கள். நாலு இடத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எண் இல்லாவிட்டால் மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் உதவித்தொகையில் 2,000 ரூபாய் தவணை நின்றுவிடும் என்று முகாமில் சொன்னார்கள். அப்பாவுக்கு 71 வயது, ஆறு தடவை அலைந்துவிட்டார். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் திட்டம் என்கிறார்கள். சேர்ந்து நடத்துகிறவர்களில் ஒருவராவது பொறுப்பு ஏற்க வேண்டாமா?

நிரலன்:
அண்ணா, அப்பாவை ஆறு தடவை அலைய விட்டது அநியாயம்தான். ஆனால் திட்டமே தவறு என்று போய்விடாதீர்கள். நான் அரசு மென்பொருள் வேலைகளில் இருந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இன்றைக்கு ஒரு விவசாயி விதை மானியத்துக்கு ஒரு தடவை, சொட்டுநீருக்கு ஒரு தடவை, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு ஒரு தடவை, காப்பீட்டுக்கு ஒரு தடவை, நெல் போட கொள்முதல் நிலையத்துக்கு ஒரு தடவை என்று அதே சிட்டா அடங்கலை நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஒரே எண் இருந்தால் இதெல்லாம் போகும். 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள், 11 கோடி விவசாயிகளுக்கு எண் கொடுப்பது இலக்கு. தரவு மாநிலங்களிடம்தான் இருக்கும் என்றுதான் அமைப்பையே வகுத்திருக்கிறார்கள்.

இரண்டு அரசும் சேர்ந்தால் நடக்காது என்பதும் சரியில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் ஆந்திரா-தெலங்கானா, குஜராத்-மகாராஷ்டிரா என்று இரண்டு ஜோடியில் தொடங்கியது, 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது, 2022 ஜூனில் அசாமோடு நாடு முழுக்க முடிந்தது. பீகார்க்காரர் ஒருவர் திருப்பூரில் விரல் வைத்து அரிசி வாங்க முடிகிறது. உங்கள் அப்பா விஷயத்தில் தவறு எண்ணில் இல்லை, பட்டாவில் இருக்கிறது. அந்தப் பட்டா மாநில அரசின் கணக்கு.

பழைய கணக்கு:
நிரலன் தம்பி, 31 வருடம் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டாவில் தவறு இருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தத் தவறு எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1979இலிருந்து 1987 வரை யுடிஆர் என்று நிலப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். நடுவில் 1980இல், கிராமக் கணக்கைப் பார்த்துவந்த பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளை ஒழித்தார்கள். ஒழித்தது நியாயம்தான், ஆனால் எந்தப் புலம் யாருடையது என்று வாயில் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வெளியே போனார்கள். அந்தச் சமயத்தில் அவசரமாக எழுதிய பெயர்கள், விடுபட்ட இனிஷியல்கள், தம்பி பெயரில் ஏறிய அண்ணன் நிலம், எல்லாமே அப்படியே பின்னாளில் கணினிக்குப் போய்விட்டது. கணினியில் ஏற்றியபோது யாரும் நிலத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்து அடித்தார்கள். இன்றைக்கு ஒரு யுடிஆர் பிழையைத் திருத்த வேண்டுமென்றால் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை கோப்பு போகும். ஒரு விஏஓ இரண்டு மூன்று கிராமத்துக்குப் பொறுப்பு பார்க்கிறார். சர்வேயர் இல்லை. இந்த ஆட்களை வைத்துக்கொண்டுதான் டெல்லி கேட்கும் எண்ணிக்கையைக் கொடுக்க வேண்டும்.

இதே திட்டத்தில் வரும் டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்பையும் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வயலாகப் போய் போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கருவியும் இணைய வசதியும் ஆளும் கொடுங்கள், செய்கிறோம் என்று விஏஓக்கள் சொன்னார்கள். கடைசியில் 2024 நவம்பரில் வேளாண் கல்லூரிப் பிள்ளைகளை வயலில் இறக்கினார்கள். மழைக்காலம், வரப்பெல்லாம் வழுக்கும், பாம்பு இருக்கும். படிக்க வந்த பிள்ளைகளை வைத்துத்தான் அரசுப் பதிவேடு எழுத வேண்டுமா? டெல்லி சொல்லிவிட்டது, சென்னை தலையாட்டிவிட்டது, வயலில் இறங்க ஆள் யார் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

நிரலன்:
ஐயா, நீங்கள் சொல்லும் சுமை எனக்கும் தெரிகிறது. ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2020 பிஎம் கிசான் மோசடியை மறந்துவிட்டோமா? கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம் உட்படப் பல மாவட்டங்களில் தகுதி இல்லாதவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேலே சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனது, சிபிசிஐடி விசாரித்தது. நிலப் பதிவும் பயனாளிப் பட்டியலும் தானாக ஒத்துப்பார்த்திருந்தால் அது நடந்திருக்குமா? அதற்காகத்தான் இந்த எண்.

வாய்க்கால்மேடு:
தம்பி, அந்த மோசடியை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன், எங்கள் மாமனார் ஊர் அந்தப் பக்கம்தான். அது எப்படி நடந்தது? விவசாயிகள் தாங்களே பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு தளத்தைத் திறந்துவிட்டது, ஊரடங்கு நேரம், சரிபார்க்க வேண்டிய மாநில அலுவலர்களின் கடவுச்சொல் ஒப்பந்த ஊழியர்கள் கையிலும் கணினி மையங்கள் கையிலும் இருந்தது. கதவைத் திறந்தது ஒருவர், சாவியை வைத்திருந்தது இன்னொருவர். திருட்டுப் போன பிறகு இரண்டு பேரும் மற்றவரைக் காட்டினார்கள். விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்ட ஏழைகள் வீட்டில் போய் 2,000, 4,000 என்று திரும்ப வசூலித்தார்கள். அப்போது இருந்த அதே பிரச்சினைதான் எங்கள் அப்பாவுக்கு இப்போது, தலைகீழாக. அன்றைக்குத் தகுதி இல்லாதவர் சுலபமாக உள்ளே போனார், இன்றைக்கு நாற்பது வருடம் உழுதவர் வெளியே நிற்கிறார். நடுவில் பொறுப்பான ஆள் இல்லை என்பது மட்டும் மாறவில்லை.

குத்தகைச்சாவடி:
வாய்க்கால்மேடு அண்ணா, உங்களுக்காவது பட்டா இருக்கிறது. நான் டெல்டா. எங்கள் ஊரில் பாதிக்கு மேல் கோயில் நிலம், மடத்து நிலம். மூன்று தலைமுறையாகக் குத்தகை செலுத்திச் சாகுபடி செய்கிறோம், பட்டா எங்கள் பெயரில் கிடையாது. பிஎம் கிசான் தொடக்கத்திலிருந்தே எங்களுக்கு இல்லை, ஏனென்றால் 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்தான் விவசாயி என்று விதி. அது போகட்டும் என்று விட்டுவிட்டோம். ஆனால் பயிர்க் காப்பீடு இருக்கிறதே, அதில் விஏஓ தரும் அடங்கலை வைத்துக் குத்தகைதாரரும் சேர முடிகிறது. வெள்ளம் வந்து சம்பா முழுகினால் அந்தப் பணம்தான் அடுத்த விதைநெல். நாளைக்குக் காப்பீட்டுக்கும் உரத்துக்கும் கொள்முதலுக்கும் இந்த எண்தான் வேண்டும் என்று ஆக்கிவிட்டால் சேற்றில் நிற்கிற நாங்கள் விவசாயி இல்லை, சென்னையில் இருக்கும் நிலக்காரர் விவசாயி என்று ஆகிவிடும்.

நிரலன், பதிவேட்டில் குத்தகைதாரரைப் பிறகு சேர்ப்போம் என்று சொல்லாதீர்கள். பிறகு என்று சொன்ன எதுவும் எங்களுக்கு வந்து சேர்ந்ததில்லை. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் எழுதும் வழக்கம் எங்களிடம் வெகுகாலமாக இருக்கிறது. அது மாநிலத்தின் கணக்கு. டெல்லி வகுத்த படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வைக்கச் சொல்லி நம் அரசு கேட்டிருக்க வேண்டும்.

மலையோரம்:
இத்தனை பேர் எழுதியதிலும் சுற்றிவளைத்து வருவது ஒன்றுதான். நிலமும் விவசாயமும் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை, 2018இல் உழவன் செயலி, 2023இல் விவசாயிகளின் விவரங்களைத் திரட்ட கிரெயின்ஸ் என்று ஒரு தளம். அந்தத் தளத்துக்காகவும் இதே பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஊர் ஊராக வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் அதையே மறுபடி வாங்குகிறார்கள். முன்பு திரட்டியதை டெல்லிக்கு இணைப்புக் கொடுத்தால் போதாதா?

நிரலன் சொன்ன ரேஷன் உதாரணமே இதற்குத்தான் சாட்சி. அங்கே டெல்லி புதிதாகக் கார்டு அடிக்கவில்லை. தமிழ்நாடு எல்லோருக்கும் அரிசி கொடுக்கிறது, அந்த முறை அப்படியே இருந்தது. மத்திய அரசு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு பாலம் மட்டும் போட்டது. அதனால்தான் அது நிலைத்தது. இங்கே பாலத்துக்குப் பதில் வீட்டையே மறுபடி கட்டுகிறார்கள். கூடவே, எவ்வளவு சதவீதம் பதிவு முடித்தாய் என்று பார்த்து மாநிலத்துக்கு 50 வருட வட்டியில்லாக் கடன் ஒதுக்குகிறார்கள். எண்ணிக்கைக்குப் பணம் என்றால் அதிகாரி எண்ணிக்கையைத்தான் பார்ப்பார், ராசுவும் ராஜமாணிக்கமும் ஒருவரா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

நான் கேட்பது ஜிஎஸ்டிஎன், அதாவது ஜிஎஸ்டி வரிக்கான கணினித் தளத்தை நடத்தும் நிறுவனம், அது மாதிரி ஏற்பாடு. முதலில் அதில் தனியாருக்கு 51 சதவீதப் பங்கு இருந்தது. 2018இல் அதை மாற்றி, மத்திய அரசுக்குப் பாதி, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பாதி என்று முடிவெடுத்தார்கள். வரி விதிகளை முடிவுசெய்யும் ஜிஎஸ்டி கவுன்சில் ஓட்டிலும் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. குறைகள் உண்டு, ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் மாற்ற வேண்டுமென்றால் மாநிலம் உட்கார்ந்து கேட்க ஒரு மேசையாவது இருக்கிறது. நிலப் பதிவுக்கு அப்படி ஒரு மேசை இல்லை.

நிரலன்:
மேசை வேண்டும் என்பதை ஏற்கிறேன். குத்தகைச்சாவடி அக்கா சொன்னதையும் ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் கவுன்சில் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்பதை நம்ப முடியவில்லை. பட்டா கணக்கு இருக்கும் தமிழ்நிலம் மென்பொருள் முழுக்க மாநிலத்தின் கையில் இருக்கிறது, அதில் யுடிஆர் பிழையைத் திருத்த டெல்லி எந்தத் தடையும் போடவில்லையே. கர்நாடகாவில் பூமி என்று 2000 வாக்கிலேயே நிலப் பதிவைக் கணினியில் ஒழுங்கு செய்தார்கள், பிறகு ஃப்ரூட்ஸ் என்று விவசாயி எண்ணையும் தாங்களே கொடுத்தார்கள். நாமும் அப்படிச் செய்திருந்தால் டெல்லி வரும்போது நம் எண்ணைக் காட்டி இதையே எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, பெயர் ஒப்பிடும் விஷயம். பட்டா தமிழில், ஆதார் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒப்பிடப்படுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல் முன்னால் வரும் பின்னால் வரும், ழகரத்தை நாலு விதமாக எழுதுவார்கள். வடக்கத்திப் பெயர்களை மனதில் வைத்துச் செய்த ஒப்பீடு நமக்குப் பொருந்தாது. எவ்வளவு ஒத்திருந்தால் ஏற்கலாம் என்ற அளவை மாநிலம் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதைத் தளர்த்தி, சந்தேகமானவற்றை விஏஓ பார்வைக்கு அனுப்பும்படி நம் ஆட்கள் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய கணக்கு:
அனுப்பலாம் தம்பி, விஏஓவுக்கு அதைத் தீர்க்கும் அதிகாரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இப்போது பார்வைக்கு மட்டும் வருகிறது.

வாய்க்கால்மேடு, உங்கள் காரியத்துக்கு வருவோம். மே, ஜூனில் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும். கலெக்டரோ கோட்டாட்சியரோ வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். அன்றைக்கு மனு கொடுத்தால் எண் போட்டு வாங்குவார்கள், தட்டிக் கழிப்பது கஷ்டம். மனுவில் புல எண், உட்பிரிவு, பட்டா எண் தெளிவாக எழுதுங்கள். பத்து ஒன்று என்கிற சிட்டா நகல், கிராமத்தின் நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டு நகல், ஆதார், மூலப் பத்திரம் வையுங்கள். கூட்டுப் பட்டா என்பதால் மற்ற பங்குதாரர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் விசாரணை சுருங்கும். மூலப் பத்திரத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அதுதான் முக்கியம்.

வாய்க்கால்மேடு:
ஐயா, ரொம்ப நன்றி. சித்தப்பா இருவரிடமும் பேசிவிட்டேன், எழுதித் தருகிறார்கள். நேற்று ராத்திரி அப்பா பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினார். 1984இல் வாங்கிய பத்திரம், மடித்த இடமெல்லாம் கிழிந்திருக்கிறது. அதில் தெளிவாக 'ராசு என்கிற ராஜமாணிக்கம்' என்று எழுதியிருக்கிறது. பட்டாவில் எழுதியவர் முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டார்.