மறு: புரோசியூமருக்குத் தமிழ் என்ன? 'ஆக்கநேயர்' என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். 'புரோசியூமர்' (prosumer: ஆக்குபவர் என்னும் producer, நுகர்பவர் என்னும் consumer இரண்டும் சேர்ந்த சொல்) என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று, ஊடகவியல் வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதும் நம் குழு அக்கா ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு வந்த ஒரு பதில் இது:

> 'நுகர்வாக்கர்' என்றே வைத்துக்கொள்வோமே. மூலச்சொல்லின் இரண்டு பாதியும் அதில் வந்துவிடுகிறது.

ஐயா, மூலச்சொல்லுக்கு இது பொருந்துகிறது, மறுக்கவில்லை. 1980இல் அமெரிக்க எழுத்தாளர் ஆல்வின் டாஃப்லர் 'புரோசியூமர்' என்று எழுதியபோது, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்பவரைத்தான் மனத்தில் வைத்திருந்தார். அது சரக்கும் சந்தையும் பற்றிய பேச்சு. நம் அக்கா ஊடகவியல் வகுப்புக்காகக் கேட்பது வேறு ஆளுக்கான பெயர். இத்தனை நாள் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தவர், கையில் செல்போன் வந்ததும் தானே எழுதவும் வெட்டி ஒட்டவும் தொடங்கிவிட்டாரே, அவர். அவரை நுகர்வோர் என்றால் எனக்கு ரேஷன் கடையும் நுகர்வோர் நீதிமன்றமும்தான் நினைவுக்கு வருகின்றன. அரிசி, உண்டால் தீர்ந்துபோகும். காட்சி தீர்வதில்லை, பார்க்கப் பார்க்கப் பெருகவும் செய்யும்.

நேசமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழும். 2019 மே மாதம் ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், இது விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்றும் எழுதிவைத்தார். இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரித்தார். அவ்வளவுதான்! உடல்நிலை அறிக்கை, மீம், பிரார்த்தனை ஹேஷ்டேக் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சேர்க்க, ட்விட்டரில் உலக அளவில் ஓடியது. சேர்த்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்சியை வரிக்கு வரி தெரிந்த ரசிகர்கள். ரசனை இருந்ததால்தான் ஆக்கம் வந்தது, ஆக்கிய பிறகும் அவர்கள் ரசிகர்களாகவே இருந்தார்கள். சொல்லின் அடி இங்கேதான் இருக்க வேண்டும்.

அதனால்தான் 'நேயர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். வானொலி நமக்குப் பழக்கிவைத்த சொல், உள்ளே அன்பும் இருக்கிறது. முன்னால் 'ஆக்கம்' சேர்த்தால் ஆக்கநேயர். 'படைநேயர்' என்றும் எழுதிப் பார்த்தேன், ராணுவ வாடை அடிக்கிறது.

ஆனால் ஒன்றைப் பிரித்தே ஆக வேண்டும். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டவர் ஊடாடினார் (interact), எந்தப் பாட்டை ஒலிபரப்புவது என்று முடிவு செய்தது நிலையம். இன்றைய லைக், வாக்கெடுப்பு எல்லாம் அந்த வகைதான். அதற்கு 'ஊடாட்டம்' என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும். லைக் போட்டவரையெல்லாம் ஆக்கநேயர் என்றால் சொல் வீணாகிவிடும்.

சரி, எல்லாருக்கும் இது ஒத்துவருமா? 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நம் சென்னையில் இணைய வரைபடத்தைத் திறந்து, தண்ணீர் நிற்கும் தெருவைச் சொடுக்கிக் குறித்தார்களே, அதை எண்ணிப் பார்க்கிறேன். வேளச்சேரிப் பக்கம் போகலாமா என்று அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தவரே, தன் தெருவையும் அதில் குறிக்க முடிந்தது. பயன்படுத்துவதும் ஆக்குவதும் அங்கே ஒன்றுதான். ஆனாலும் இவரை நேயர் என்பது உறுத்துகிறது. இங்கே ஊடக ஆய்வாளர் ஆக்சல் பிரன்ஸ் சொன்ன 'புரொடியூசர்' (produser) பொருந்தும், பயனரும் ஆக்குநரும் சேர்ந்த சொல் அது. தமிழில் அப்படியே எழுதினால் படத் தயாரிப்பாளர் என்றுதான் படிப்பார்கள்! தமிழ் விக்கிப்பீடியாவில் பழகிப்போன 'பங்களிப்பாளர்' இவருக்குப் போதும் என்று நினைக்கிறேன். ஆக்கநேயரை ஊடகத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

அப்புறம், செயலுக்கு என்ன பெயர்? 'ஆக்கநேயம்' என்றால் மனிதநேயம் மாதிரி அன்பு என்ற பொருள் முந்திக்கொள்ளும். 'நேயராக்கம்' என்றால், நேயர் செய்த ஆக்கம் என்பதோடு ஒருவரை நேயராக்குவது என்றும் படிக்க இடமிருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அக்காவுக்குப் பாடக்குறிப்பு அச்சுக்குப் போகுமுன் இது முடிவாக வேண்டும்.

அன்புடன்,
குரோம்பேட்டையிலிருந்து