எங்க வீடு குழு: சைக்கிளில் ஒரு வருடம்

31 டிசம்பர் 2024

நான் (இரவு 8:10): கணக்கு முடிந்தது. இந்த வருடம் 164 நாள் சைக்கிளில் ஆபீஸ் போயிருக்கிறேன். நங்கநல்லூரிலிருந்து தரமணி, போக வர 18 கிலோமீட்டர். மொத்தம் 2,952.

அக்கா (8:12): அடேயப்பா! பொங்கலோடு நிறுத்திவிடுவாய் என்றுதான் நினைத்தேன் தம்பி.

மாமா (8:13): மாப்பிள்ளை, பெட்ரோல் காசு நன்றாக மிச்சமாகியிருக்குமே!

நான் (8:17): அவ்வளவு இல்லை மாமா. பைக் லிட்டருக்கு 45 கொடுக்கும். கணக்குப் பார்த்தால் 6,600 ரூபாய் வரும். டயர், செயின், லைட், ஏழு பஞ்சர் என்று பாதிக்கு மேல் சைக்கிளுக்கே போய்விட்டது. காசுக்காக ஓட்டவில்லை. காலையில் அந்த 40 நிமிடம் எனக்கே எனக்கு.

அக்கா (8:18): மே மாதமுமா?

நான் (8:23): அக்னி நட்சத்திரத்தில் 6 மணிக்கே கிளம்பிவிடுவேன். வாரத்துக்கு வேண்டிய சட்டை, பேன்ட்டை திங்கட்கிழமை பைக்கில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். வெயிலைச் சமாளித்துவிட்டேன், மழையைத்தான் முடியவில்லை. தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் என் வழி அடைபட்டது. அக்டோபர் நடுவில் ஒரு வாரம், ஃபெஞ்சல் புயலுக்கு ஒரு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே, மூடியில்லாத வடிகால் எங்கே என்று தெரியாது.

அம்மா (8:24): எங்கேயும் விழவில்லையே?

நான் (8:29): ஒருமுறை விழுந்தேன் அம்மா. ஜூலையில். ஓரமாக நின்றிருந்த காரின் கதவைத் திடீரென்று திறந்துவிட்டார்கள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்போதே சொல்லாதது தப்பு.

அம்மா (8:30): தினமும் போனில் பேசினாயே. ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா?

அப்பா (8:31): ஹெல்மெட்?

நான் (8:33): போட்டிருந்தேன் அப்பா. இப்போது நிற்கிற வண்டிகளை ஒரு கதவு அகலம் தள்ளித்தான் கடக்கிறேன். பின்னால் ஹாரன் அடித்தாலும் அந்த இடைவெளியை விடுவதில்லை.

அக்கா (8:36): அம்மா, நீ சைக்கிள் பழகியது அறிவொளியில்தானே? பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள்.

அம்மா (8:44): ஆமாம் கண்ணு. 1991. அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அப்போது புதுக்கோட்டை கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் படிப்போடு சைக்கிளும் பழக வேண்டும் என்று முனைந்து நின்றவர். லேடீஸ் சைக்கிள் எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஆண்கள் சைக்கிள்தான். சேலையோடு பாரைத் தாண்டி ஏறிப் பழகவே ஒரு வாரம். அப்புறம் அந்த பார்தான் உதவியது. உன் அம்மாவை அதில் உட்கார வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். பஸ்ஸை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை, கொண்டுபோய் விடு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மாமா (8:46): தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறேன் அக்கா. முதல் நாள் சிரித்தவர்கள் வீட்டுப் பெண்களே அந்த மாதம் பழக வந்தார்கள்.

அக்கா (8:49): பாப்பா பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் கேட்கிறாள். யோசித்துக்கொண்டே இருந்தேன், வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். சரி தம்பி, 2025-க்கு என்ன?

நான் (8:55): 200 நாள். அதைவிட முக்கியம், பஞ்சரை நானே ஒட்டப் பழக வேண்டும். ஒருநாள் இரவு 9 மணிக்கு மேல் கடை எதுவும் திறந்திருக்கவில்லை, 4 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஆபீஸில் சைக்கிள் நிறுத்தக் கூரை போட்ட இடம் கேட்டு எழுதியிருக்கிறோம், இப்போது ஐந்து பேர் ஓட்டுகிறோம். இன்னொன்று, பொங்கலுக்கு வரும்போது அம்மாவோடு திருவப்பூர் கோயில் வரை சைக்கிளில் போக வேண்டும்.

அம்மா (8:56): எனக்கு 58 ஆகிறது. முழங்கால் வேறு.

நான் (8:57): விடியற்காலையில் போகலாம் அம்மா, வண்டி இருக்காது. முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்போம்.

அப்பா (9:20): கொட்டகையில் இருக்கிற சைக்கிளுக்குக் காற்று அடித்துப் பார்த்தேன். முன்னால் நிற்கிறது. பின்னால் நிற்கவில்லை.

நான் (9:21): டியூப் வாங்கி வருகிறேன் அப்பா. 28 இன்ச்தானே?

அம்மா (9:23): 28-தான். பிரேக் கட்டையும் இரண்டு ஜோடி வாங்கி வா. சீட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.