புதுப்பிப்பு: குண்டுகரிச்சான் கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: நகரமயமாதலும் பாடும் பறவைகளும் பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்கு வேளச்சேரியில் பதிவு செய்ததில் பேருந்து இரைச்சலும் காகமும்தான், நான் தேடிய கறுப்பு வெள்ளைப் பாடும் பறவையான குண்டுகரிச்சானையே காணோம் என்று. "ஆறு மணிக்குப் போனால் எப்படி? நாலரைக்கே போங்க" என்றார் ஒருவர். அவர் சொன்னதுதான் சரி. ஐந்து மணிக்கு முன்பே, தெருவிளக்கு வெளிச்சத்தில், ஒரு மொட்டைமாடிக் கம்பியில் வாலைத் தூக்கிக்கொண்டு ஆண் பறவை பாடிக்கொண்டிருந்தது.

வண்டிச் சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்களே அதிகம்; தாழ்ந்த சுருதியில் பாடினால் பாட்டு அதில் அமுங்கிவிடும். நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சலான இடங்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் பாட்டின் அடிச்சுருதியை உயர்த்திக்கொள்வதாக 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. 2020 ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோவில் நேர்மாறு: தெரு அடங்கியதும் அங்குள்ள ஒரு சிட்டு இனம் சத்தத்தைக் குறைத்து, தாழ்ந்த சுருதிக்கும் இறங்கிப் பாடியது.

நம் குண்டுகரிச்சானும் அப்படியா? அதே பறவையை ஞாயிறும் திங்களும் பதிவு செய்து ஒப்பிடப் போகிறேன். அதற்கு முன் மைக்குக்குப் புது நுரை உறை வாங்க வேண்டும். பழையதைக் காகம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.